பிழையைப் போன் காட்டும், காரணத்தைக் காட்டாது

வலயமட்டச் செஸ் போட்டிகள் நடக்கிற மண்டபங்களுக்கு வெளியே இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி, "எத்தனை வீதம்?" முன்னரென்றால் "வெண்டனியோ, தோத்தனியோ?" என்றுதான் கேட்பார்கள். இப்போது பிள்ளை வெளியே வந்த உடனேயே அண்ணனோ அப்பாவோ நகர்வு எழுதின தாளை வாங்கி, போனில் அடித்து, மென்பொருளிடம் கொடுத்துவிடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் தீர்ப்பு வரும். பதினெட்டாவது நகர்வுக்குப் பக்கத்தில் சிவப்பில் இரண்டு கேள்விக்குறி. கீழே, துல்லியம் 64 வீதம். "பார், இதில குதிரைய வெட்டியிருந்தா வெண்டிருப்பாய்." அவ்வளவுதான் கதை. பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடும்.

இதைப் பற்றித்தான் கொஞ்சம் கதைக்க வேணும் என்று நினைக்கிறோம். நாங்கள் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போன கலைப்பீடக்காரர். எங்களில் ஒருவரும் பெரிய செஸ் வீரர் இல்லை. லீவுக்கு வீட்ட வந்தால் தம்பி தங்கச்சிமாரைப் போட்டிகளுக்குக் கூட்டிக்கொண்டு போவதும், பின்னேரத்தில் அவர்களோடு இருந்து விளையாடுவதும்தான் எங்களுக்கும் செஸ்ஸுக்கும் உள்ள தொடர்பு. அந்தளவில் நின்று ஒரு விஷயத்தைச் சொல்கிறோம்: செஸ் மென்பொருள் வன்னிப் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய வரம். ஆனால் அதை எந்த நேரத்தில் திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஆட்டம் முடிந்த கையோடு திறந்தால் அது பிள்ளையிடமிருந்து பிழையையே பறித்துவிடுகிறது.

முதலில் வரம் என்ற பக்கத்தைப் பார்ப்போம். 1997 மே 11ஆம் திகதி நியூயோர்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி, உலகச் சம்பியன் கஸ்பரோவை ஆறு ஆட்டத் தொடரில் தோற்கடித்தது. பெரிய அலுமாரி மாதிரி இரண்டு பெட்டிகள், நொடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளைக் கணிக்கும். சரியாக இரண்டு நாள் கழித்து, மே 13ஆம் திகதி, வவுனியாவிலிருந்து ஏ9 வீதியைப் பிடித்துக்கொண்டு மேலே வருகிற 'ஜெயசிக்குறு' இராணுவ நடவடிக்கை தொடங்கியது. அந்த வருசம் வன்னிக்குள் கரண்ட் இல்லை. பற்றரி கூடத் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் இருந்தது. உலகம் கணினியோடு செஸ் விளையாடத் தொடங்கின அதே கிழமையில் எங்கட அம்மா அப்பாமார் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்கு விசுவமடுவிலோ மல்லாவியிலோ ஒரு பிள்ளையின் கையில் இருக்கிற சாதாரண அன்ட்ரொய்ட் போன், அந்த டீப் புளூவை விடப் பலமாக விளையாடும். ஸ்டொக்பிஷ் என்ற மென்பொருள் 2008இல் வெளிவந்தது. யாரும் இலவசமாக எடுக்கலாம், உள்ளே இருக்கிற நிரலையும் வாசிக்கலாம், மாற்றலாம். 2020இலிருந்து நரம்பியல் வலையமைப்பு முறையிலும் நிலைகளை மதிப்பிடுகிறது. 2010இல் தொடங்கின லிச்செஸ் தளம் விளம்பரம் இல்லாமல், ஆட்களின் நன்கொடையில் மட்டும் ஓடுகிறது. அதில் எந்த ஆட்டத்தையும் ஸ்டொக்பிஷ்ஷிடம் கொடுத்துக் காசில்லாமல் ஆராயலாம். நோர்வேயில் மக்னஸ் கார்ல்சன் பார்க்கிற அதே வகை எஞ்சினை ஒட்டுசுட்டானில் இருந்து பார்க்க முடிகிறது. எங்களுக்கு இப்படிச் சமமாகக் கிடைத்த சாமான் வேறு என்ன இருக்கிறது? நல்ல ஆய்வுகூடம் கிடைக்கவில்லை, நல்ல நூலகம் கிடைக்கவில்லை, வருசம் முழுக்க இருக்கிற கணித ஆசிரியர் கிடைக்கவில்லை. இது கிடைத்தது.

இன்னொரு நன்மையும் உண்டு. "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்பார்களே, அந்தச் சாட்டுகளை எஞ்சின் ஒரே அடியில் முடித்துவிடும். "நான் நல்லாத்தான் விளையாடினனான், அவனுக்கு லக்" என்று சொல்ல முடியாது. எந்த நகர்வில் விழுந்தாய் என்று நேராகக் காட்டும். அதற்கு முகத்தாட்சண்யம் இல்லை, சாதி தெரியாது, எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்காது.

பிறகு எங்கே பிரச்சினை?

எஞ்சின் எப்படிப் பிழை பிடிக்கிறது என்று தெரிந்தால் அது விளங்கும். ஒவ்வொரு நிலைக்கும் அது ஒரு எண் கொடுக்கும். +1.00 என்றால் வெள்ளைக்கு ஏறத்தாழ ஒரு சிப்பாய் அளவுக்கு நன்மை. 0.00 என்றால் இரு பக்கமும் சமம். நீங்கள் நகர்த்த முன் +0.5 ஆக இருந்தது, நகர்த்தின பிறகு -3 ஆகிவிட்டது என்றால், அந்த விழுக்காட்டுக்குத்தான் இரண்டு கேள்விக்குறி. அதாவது அது அளப்பது இரண்டு எண்களுக்கு இடையில் உள்ள தூரத்தை மட்டும். நீங்கள் அந்த நேரம் என்ன நினைத்தீர்கள், எதைப் பார்த்துப் பயந்தீர்கள், மணிக்கூட்டில் எத்தனை நிமிடம் கிடந்தது, காலமை சாப்பிட்டனீங்களோ இல்லையோ, ஒன்றும் அதற்குத் தெரியாது.

அந்த வீதக் கணக்கும் அப்படித்தான். இரண்டு பேரும் காய்களை மளமளவென்று மாற்றி, சண்டையே இல்லாமல் சமநிலையில் முடித்த ஆட்டத்தில் இருவருக்கும் 95க்கு மேல் வரும். பலகை முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஒரு ஆட்டத்தில், நன்றாகப் போராடி வென்ற பிள்ளைக்கு 70கூட வராமல் போகலாம். ஆட்டத்தின் கஷ்டத்தைப் பாராமல் வீதத்தை மட்டும் ஒப்பிடுவது, வேறு வேறு பாடத்துக்கு எடுத்த புள்ளிகளைப் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரன் என்று கேட்கிற மாதிரி.

பெரிய ஆட்கள் விட்ட இரண்டு பிழைகளைப் பார்த்தால் நாங்கள் சொல்ல வருவது இன்னும் தெளிவாகும்.

முதலாவது, 2014 நவம்பர், ரஷ்யாவின் சோச்சி நகரம். உலகச் சம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம். வெள்ளைக்குக் கார்ல்சன், கறுப்புக்கு எங்கட விசுவநாதன் ஆனந்த். 26ஆவது நகர்வில் கார்ல்சன் ராஜாவைப் பிழையான கட்டத்தில் வைத்தார். ஆனந்த் குதிரையால் நடுவில் நின்ற சிப்பாயை வெட்டியிருந்தால், அடுத்தடுத்த நகர்வுகளில் இரண்டு சிப்பாய்கள் அவருக்கு இலாபம். உலகம் முழுக்க இணையத்தில் எஞ்சினோடு இருந்து பார்த்த எல்லாருக்கும் அது அந்த நிமிடமே தெரிந்தது. ஆனந்த் ஓரத்துச் சிப்பாயை ஒரு கட்டம் முன்னால் தள்ளினார். கார்ல்சன் தப்பினார், அந்த ஆட்டத்தை வென்றார், கடைசியில் தொடரையும் 6.5க்கு 4.5 என்று வென்றார்.

எஞ்சினிடம் கேட்டால் இரண்டு பேருக்கும் கேள்விக்குறி போட்டுவிட்டு நின்றுவிடும். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற ஒருவர் ஏன் அதைக் காணவில்லை? குதிரை எப்படி வெட்டும் என்று தெரியாமலா? பரிசு வரும் என்று எதிர்பாராத நேரத்தில் அது கைக்கு வந்தாலும் சிலவேளை எடுக்காமல் விட்டுவிடுவோம் என்ற கருத்தில் ஆனந்தே பிறகு சொன்னார். எதிரில் இருக்கிறவர் கார்ல்சன், அவர் இப்படிப் பிழை விடமாட்டார் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. பிழை பலகையில் நடந்தது. காரணம் பலகைக்கு வெளியே இருந்தது. அதை ஆனந்தால்தான் சொல்ல முடிந்தது.

இரண்டாவது, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். கடைசி ஆட்டம், 14ஆவது. குகேஷும் டிங் லிரனும் ஆளுக்கு 6.5 புள்ளி. குகேஷுக்குக் கறுப்பு. அவரிடம் ஒரு சிப்பாய் மட்டும் கூட இருந்தது. எஞ்சின் திரையில் சமன் என்ற கணக்குத்தான் நின்றது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பலர், இது ட்ரோ, நாளைக்குக் குறுநேர ஆட்டத்தில்தான் முடிவு என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். குகேஷ் விடவில்லை. மெல்ல மெல்ல நெருக்கிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் கோட்டைக்குக் கோட்டை மாற்ற வைத்தார். கோட்டைகள் போனதும் மூலையில் கிடந்த அவருடைய பிஷப்பும் கட்டாய மாற்றத்தில் அகப்பட்டது. மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும். அது தோல்விதான். 18 வயதுச் சென்னைப் பொடியன் உலகச் சம்பியன்.

எஞ்சின் கணக்குப்படி அது கடைசி வரைக்கும் சமநிலை. அது பொய்யில்லை. இரண்டு எஞ்சின்கள் விளையாடியிருந்தால் ட்ரோதான். ஆனால் விளையாடினது இரண்டு மனுசர். களைப்பும், குறைந்துகொண்டு போகிற நேரமும், மூன்று கிழமைப் பாரமும் அந்த எண்ணுக்குள் இல்லை. குகேஷ் எண்ணை நம்பவில்லை, எதிரில் இருந்த மனுசனைப் பார்த்தார். இதைத்தான் நாங்கள் எங்கட பிள்ளைகளிடமிருந்து எடுத்துவிடுகிறோமோ என்று பயமாக இருக்கிறது. "இது சமன் எண்டு போன் சொல்லுது, ட்ரோ கேட்டிருக்கலாமே" என்று சொல்லிச் சொல்லி.

குகேஷைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்ல வேணும். அவருடைய பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, குகேஷ் கிராண்ட்மாஸ்டர் அளவுக்கு வளரும்வரை எஞ்சின் பக்கம் போகவிடவில்லை. 2019 ஜனவரியில், 12 வயது 7 மாதத்தில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அந்த வயதில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் கணினியோடு இருந்த காலம் அது. தானாகக் கணிக்கிற பழக்கம் முதலில் வரட்டும், விடை பார்க்கிறது பிறகு பார்க்கலாம் என்பதுதான் யோசனை.

இந்த இடத்தில் ஒருவர் எழும்பி நியாயமாக ஒரு கேள்வி கேட்கலாம். "தம்பி, குகேஷுக்குப் பக்கத்தில ஒரு கிராண்ட்மாஸ்டர் இருந்து சொல்லிக்குடுத்தவர். எங்கட பிள்ளையளுக்கு ஆர் இருக்கினம்? கோச் இல்லாதபடியால்தானே போனைக் குடுக்கிறம்?" உண்மை. சென்னையில் தெருவுக்குத் தெரு பயிற்சி நிலையம். இங்கே பல பள்ளிக்கூடங்களில் செஸ்ஸுக்குப் பொறுப்பான சேர் வேறு நாலு வேலைக்கும் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்கோ கொழும்புக்கோ கிழமைக்குக் கிழமை பஸ் ஏறிப் போகிற வசதி எத்தனை பேருக்கு?

அதனால்தான் போனைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஆனால் கோச் செய்கிற வேலை என்ன என்று பாருங்கோ. நல்ல கோச் ஒருவர் "இதுதான் சரியான நகர்வு" என்று உடனே சொல்லமாட்டார். "இதில என்ன யோசிச்சனி?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்கக் கிராண்ட்மாஸ்டர் தேவையில்லை. அம்மா கேட்கலாம். பொறுப்பான சேர் கேட்கலாம். அதைவிட நல்லது, இப்போதுதான் உங்களைத் தோற்கடித்த பிள்ளை கேட்கலாம். ஆட்டம் முடிந்தபின் இரண்டு பேரும் பலகையோடு ஒரு மூலையில் இருந்து, "நீ இப்பிடி வைப்பாய் எண்டுதான் பயந்தனான்", "ஐயோ, நான் அதைப் பாக்கவே இல்ல" என்று கதைக்கிற அந்தப் பத்து நிமிடத்துக்கு ஈடான பயிற்சி இல்லை. 1948இல் உலகச் சம்பியனான சோவியத் வீரர் பொட்வின்னிக், தான் விளையாடின ஆட்டங்களைத் தானே ஆராய்ந்து, பிறர் குறை சொல்லும்படி வெளியிட வேண்டும் என்று வலியுறுத்தியவர். அவர் மின்பொறியியலாளர், செஸ் விளையாடும் கணினி நிரல் எழுதவும் பல வருசம் உழைத்தவர். மெஷினுக்கு எதிரான ஆள் இல்லை.

உண்மையில் இது செஸ்ஸில் மட்டும் உள்ள பழக்கம் இல்லை. எங்களுக்கு இது நன்றாகத் தெரியும், ஏனென்றால் நாங்கள் எல்லாரும் பாஸ்ட் பேப்பரும் மார்க்கிங் ஸ்கீமும் படித்து ஏ.எல். தாண்டி வந்தவர்கள். கேள்வியை வாசிக்கிறது, பின்பக்கம் புரட்டி விடையைப் பார்க்கிறது, "ஓ, இதுதானா, எனக்குத் தெரியும்" என்று தலையாட்டுகிறது. சோதனை மண்டபத்தில் அதே கேள்வி கொஞ்சம் மாறி வந்தால் கை நடுங்கும். விடையைப் பார்த்து விளங்குவதும், விடையைத் தேடி எடுப்பதும் ஒன்றில்லை. எஞ்சின் காட்டின நகர்வைப் பார்த்துத் தலையாட்டுகிற பிள்ளைக்கும் இதேதான் நடக்கிறது. அது காட்டுகிற "சிறந்த நகர்வு" சிலவேளை பன்னிரண்டு நகர்வு தள்ளித்தான் ஏன் என்றே விளங்கும் நகர்வு. பத்து வயதுப் பிள்ளை அதைப் பாடமாக்கி என்ன செய்யும்?

ஒரு பிள்ளையை நினைத்துப் பாருங்கோ. மூன்று ஆட்டம் தோற்றிருக்கிறாள். எஞ்சின் மூன்றிலும் மூன்று வேறு பிழை காட்டுகிறது: ஒன்றில் குதிரை போனது, ஒன்றில் கோட்டை போனது, ஒன்றில் மேட். மூன்றுக்கும் மூன்று வேறு சரியான நகர்வு. அவளுக்கு ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத மூன்று திட்டு. ஆனால் அவளிடம் "அந்த நேரம் என்ன யோசிச்சனி?" என்று கேட்டு எழுதி வைத்திருந்தால், மூன்றிலும் ஒரே பதில் வரலாம்: "நான் அவவின்ர ராஜாவப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தனான், அவ என்ன செய்யப்போறா எண்டு பாக்கேல்ல." அப்படியென்றால் அவளுக்கு இருப்பது மூன்று பிழை இல்லை, ஒரு பழக்கம். தாக்கப் போகும்போது எதிராளியின் பதிலைப் பார்க்க மறக்கிற பழக்கம். திருத்த வேண்டியது அதை. எந்த எஞ்சினும் அதைச் சொல்லாது, ஏனென்றால் அது ஆட்டத்தைப் பார்க்கிறது, ஆளைப் பார்ப்பதில்லை.

எனவே நாங்கள் சொல்கிற ஒழுங்கு இதுதான்.

முதலில் ஒரு கொப்பி. தோற்ற ஆட்டத்தை அன்றைக்கே அதில் பார்த்து எழுதுவது. எந்த இடத்தில் ஆட்டம் கைமீறிப் போனது என்று தான் நினைக்கிறதை, எஞ்சினைத் திறக்க முன், இரண்டு வரியில் எழுதுவது. பிழையாக எழுதினாலும் பரவாயில்லை.

இரண்டாவது, முடிந்தால் எதிராளியோடு, இல்லாவிட்டால் விளையாடத் தெரிந்த யாரோடாவது பலகையில் வைத்துப் பார்ப்பது. போன் பைக்குள் இருக்கட்டும்.

மூன்றாவதுதான் எஞ்சின். அதிலும் அம்புக்குறியை மறைத்துவிட்டு, எண் எங்கே பெரிதாக விழுகிறது என்று மட்டும் முதலில் பார்ப்பது. அந்த இடத்தில் நிறுத்தி, வேறு என்ன செய்திருக்கலாம் என்று தானே தேடுவது. லிச்செஸ்ஸில் இதற்கென்றே ஒரு வசதி உண்டு: உங்கள் பிழைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து நிறுத்தி, விடை சொல்லாமல், மறுபடி முயன்று பார் என்று கேட்கும். அதைத் தாண்டித்தான் விடை.

நான்காவது, அந்தப் பிழைக்குப் பக்கத்தில் காரணத்தை எழுதுவது. காணவில்லையா, கண்டும் கணக்குப் பிழைத்ததா, நேரம் போய்விட்டதா, பெயர் பெற்ற பள்ளிக்கூடத்துப் பிள்ளை என்று பயந்ததா, வெல்லப்போகிறேன் என்று அவசரப்பட்டதா. பத்து ஆட்டம் சேர்ந்தபின் அந்தக் காரணங்களை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். எது அதிகமோ அதுதான் அடுத்த மாசத்துப் பாடம்.

இதற்குக் காசு தேவையில்லை. டேட்டாவும் கொஞ்சம் போதும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அப்படி ஒரு நாளிலும் முதல் இரண்டு வேலையையும் விளக்கில் செய்யலாம். பாதிக்கு மேற்பட்ட படிப்பு அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து பள்ளிக்கூடங்களுக்கு உதவுகிற அண்ணாமார், அக்காமாரிடமும் ஒன்று கேட்கிறோம். கிண்ணங்களும் பதக்கங்களும் நல்லதுதான், பிள்ளைகள் சந்தோசப்படுவார்கள். அதோடு சேர்த்து நகர்வு எழுதுகிற கொப்பிகளையும் வாங்கிக் கொடுங்கோ. எழுதாத ஆட்டத்தை மனுசராலும் ஆராய ஏலாது, மெஷினாலும் ஏலாது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, கையால் எழுதின ஒரு கொப்பி கூட மிஞ்சாத வீடுகள் எங்கட ஊர்களில் எத்தனை என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இந்தப் பிள்ளைகளின் கொப்பிகளாவது அலுமாரியில் இருக்கட்டும். அடுத்த வருசம் வருகிற தரம் ஆறுப் பிள்ளை, தன்னுடைய பள்ளிக்கூடத்து அக்கா எங்கே விழுந்தாள், ஏன் விழுந்தாள் என்று அதில் வாசிக்கட்டும். தமிழில், அவளுடைய கையெழுத்தில்.

இதை வாசிக்கிற, விளையாடுகிற தம்பி தங்கச்சிமாருக்குக் கடைசியாக ஒன்று. கடைசியாகத் தோற்ற மூன்று ஆட்டத்தை எடுங்கோ. எஞ்சினைத் திறக்காமல் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கோ. பிறகு திறந்து, நீங்கள் சொன்ன இடமும் அது சொல்கிற இடமும் ஒன்றா என்று பாருங்கோ. வித்தியாசமாக வந்தால் கவலைப்படாதேங்கோ. அந்த வித்தியாசத்தில் இருந்துதான் நீங்கள் படிக்கத் தொடங்கப் போகிறீர்கள்.